மறந்துபோன முற்றுகை

காது கேட்காத மாமியார் ஒரு நாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "யாரோ கூப்பிடுறாங்க, போய்ப் பாரு" என்றாள்.

மருமகள் ஏதோ ஞாபகத்தில் எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தெருவில் பனிமூட்டம்தான் நின்றது. திரும்பி வந்து மாமியாரின் முகத்துக்கு நேரே குனிந்து, "யாருமில்ல அத்தை" என்று உதட்டை அசைத்தாள். அசைத்த பிறகுதான், காது கேட்காதவளுக்கு யாரோ கூப்பிட்டது எப்படிக் கேட்டது என்று அவளுக்கு உறைத்தது.

மாமியார் கல் உடைக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்திலேயே தன் இளமையைக் கழித்தவள். மகன் தவழ்ந்த காலத்தில் ஒரு காது போனது; அவன் நடை பழகுவதற்குள் இன்னொன்றும் போனது. அன்றிலிருந்து அந்த வீட்டில் பேச்சு உதட்டளவில் நின்றுவிட்டது. மகன் சத்தமில்லாமல் பேசியே வளர்ந்தான். கல்யாணமாகி வந்தவளும் சீக்கிரமே பழகிக்கொண்டாள். மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "என்ன, வீட்ல சண்டையா? ஒரே அமைதியா இருக்கு" என்பாள். மாமியார் மட்டும் தன் குரல் தனக்கே கேட்காததால் ஊரைக் கூட்டுவது மாதிரி பேசுவாள். அவளிடம் போய் ரகசியம் சொன்னால் தெருமுனைக் கடைக்காரன் வரைக்கும் தெரிந்துவிடும்.

"நெசமாத்தான்டி சொல்றேன், கேக்குது" என்றாள் இப்போது. "மலைப் பக்கத்துலேர்ந்து. நெறைய பேரு."

அந்த ஊரில் மலை என்றாலே எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். மலைச் சிகரங்கள் அத்தனையையும் ஒரு குடைக்கீழ் ஆண்ட மேலரசு என்றொரு பேரரசு அங்கே இருந்ததாகச் சொல்வார்கள். அதன் சாலைகளெல்லாம் பாறையில் வெட்டிய படிக்கட்டுகளாம். அதன் அரண்மனைக் கூரையில் மேகம் வந்து உட்கார்ந்து இளைப்பாறுமாம். சமவெளியிலிருந்து பெரும்படை ஒன்று அதைப் பிடிக்க ஏறிப் போனது. போய்ப் பார்த்தால் அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது, தறியில் பாதி நெய்த துணி தொங்கியது, தொட்டில்கூட ஆடுவதை நிறுத்தவில்லை. ஆள் மட்டும் ஒருவர் இல்லை. எங்கே போய்விடுவார்கள், பசித்தால் இறங்கி வந்துதானே ஆக வேண்டும் என்று படை மலையடியில் கூடாரம் போட்டுக் காத்திருந்தது. காத்திருந்த இடத்தில் பிள்ளை பெற்றார்கள், சுவர் எழுப்பினார்கள், கிணறு வெட்டினார்கள். ஊரில் இன்றைக்கும் கூடாரத் தெரு என்று ஒன்று உண்டு. அங்கே இப்போது சைக்கிள் கடையும் முடிதிருத்துகிற கடையும் இருக்கின்றன. கதையை யாரும் நம்புவதில்லை. ஆனால் பொழுது சாய்ந்தபின் மலைக்கு முதுகு காட்டி யாரும் உட்காருவதும் இல்லை.

மருமகள் கல்குவாரியில் வேலை பார்த்தாள். மலை மேலிருந்து இரும்புக் கயிற்றில் தொங்கி வரும் கல் தொட்டிகளை ஏற்றி இறக்குகிற வின்ச் அவள் கையில். அதனால் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவள் வின்ச் அக்கா. புருஷன் அதே குவாரியில் பாறையைத் துளைத்து வெடி வைக்கிறவன். போன குளிர்காலத்தில் மேலே புதிதாகக் குடைந்த சுரங்கத்தின் கூரை உட்கார்ந்துவிட்டது. மற்றவர்கள் விழுந்தடித்து வெளியே வந்தார்கள். அவன் வரவில்லை. கல்லையெல்லாம் அள்ளிப் பார்த்தும் ஆள் கிடைக்கவில்லை. ஒரு செருப்புகூட கிடைக்கவில்லை. அலுவலகத்தில் அவனைக் 'காணாமல் போனவர்' என்று எழுதிக்கொண்டார்கள். அவள் கதி அந்தரத்தில் நின்றுபோன தொட்டி மாதிரி ஆயிற்று. துக்கம் விசாரிப்பதா, தைரியம் சொல்வதா என்று தெரியாத பெண்கள் மழையைப் பற்றியும் குளிரைப் பற்றியும் பேசிவிட்டு நழுவினார்கள். சுரங்கத்தின் வாயைப் பலகை வைத்து அடைத்துவிட்டு, குவாரிக்காரர்கள் பக்கத்துப் பாறையில் வெடி வைக்க ஆரம்பித்தார்கள்.

மாமியாரின் காதில் விழுந்த பேச்சு நாளாக நாளாகக் கூடியது. துணி உலர்த்தும்போது பாதியில் நிற்பாள். "இருங்க, இருங்க, ஒருத்தர் ஒருத்தரா பேசுங்க" என்று சுவரைப் பார்த்து அதட்டுவாள்.

"என்னதான் பேசுறாங்க அத்தை?" என்று மருமகள் கேட்டாள்.

"எல்லாம் குசுகுசுன்னுதான். நம்ம பேச்சு மாதிரியும் இருக்கு, இல்லாத மாதிரியும் இருக்கு. ரொம்ப பயந்து போயிருக்காங்கடி. நீங்க அங்க வெடி வைக்கிறப்பல்லாம் வாயைப் பொத்திக்கிட்டு அழறாங்க. 'போயிட்டாங்களா, போயிட்டாங்களா'ன்னு ஒருத்தர மாத்தி ஒருத்தர் கேட்டுக்கிறாங்க."

"யாரு போயிட்டாங்களான்னு?"

"அதைச் சொல்ல மாட்டேங்குறாங்க."

பக்கத்து வீட்டுக்காரி இதைக் கேட்டுவிட்டு, "பிள்ளையப் பறிகொடுத்தவ, ஏதோ பேசட்டும், விடு" என்றாள். மருமகளும் அப்படியே விட்டிருப்பாள். ஆனால் ஒரு நாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். முகம் வெளிறியிருந்தது.

"ஜன்னல் கொக்கிய மாத்திட்டியான்னு கேக்கிறான்."

மருமகளின் கையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கு கீழே விழுந்து உருண்டது. படுக்கையறை ஜன்னலின் கொக்கி உடைந்து, காற்றடித்தால் கதவு படபடவென்று அடித்துக்கொள்ளும். கடைசி நாள் காலையில், சட்டையை மாட்டிக்கொண்டே, "சாயங்காலம் வந்து மாத்திடறேன், அதுக்குள்ள என்னைத் தின்னுடாத" என்று அவன் சிரித்தான். அந்தக் கொக்கியைப் பற்றி மாமியாருக்கு ஒன்றும் தெரியாது. அது அடிக்கிற சத்தமும் அவளுக்குக் கேட்டிருக்காது. மருமகள் அதை மாற்றவும் இல்லை. ஒரு துணியைத் திணித்து வைத்திருந்தாள்.

"அங்கதான் இருக்கான்" என்றாள் மாமியார். "நான் போறேன். நீ வர்றியா, இல்லையா?"

குவாரிக்கு விடுமுறை நாள் பார்த்துப் போனார்கள். மேஸ்திரி அவள் புருஷனுக்கு நெருங்கிய சிநேகிதன். விஷயத்தைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். "ஆளுங்க தொட்டியில போகக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே நான்தான் அக்கா. ஆத்தாவக் கூட்டிட்டுப் போயி ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என் கழுத்துக்கு வரும்."

மாமியார் அவன் உதட்டைப் படித்துவிட்டு, "உன் கழுத்துக்கு என்னடா, பனைமரம் மாதிரி நல்லாத்தானே இருக்கு. விசையைப் பிடி" என்று சொல்லித் தொட்டிக்குள் காலைத் தூக்கி வைத்துவிட்டாள்.

தொட்டி ஆடி ஆடி மேலே ஏறியது. கீழே ஊர் மூட்டத்தில் மறைந்தது. தினமும் தான் இயக்குகிற கயிற்றில் இன்று தானே தொங்கினாள் மருமகள். மாமியார் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்திருந்தாள். பாதி வழியில் மருமகளின் மணிக்கட்டைப் பிடித்து, தன்னால் முடிந்த மட்டும் மெதுவாக, "உள்ள போனா வாயைத் திறக்கக் கூடாதாம். உதட்டுலதான் பேசணும். நமக்கென்ன, வீட்ல பேசுற மாதிரிதானே" என்றாள்.

பலகையைப் பெயர்த்துவிட்டு சுரங்கத்துக்குள் நுழைந்தார்கள். மாமியார் தட்டுத் தடுமாறாமல் நேராக நடந்தாள். இடிந்து விழுந்த கற்குவியலுக்குப் பின்னால், ஆள் ஒருக்களித்துப் போகிற மாதிரி பாறையில் ஒரு பிளவு இருந்தது. இத்தனை பேர் வந்து தேடியபோது இது எப்படிக் கண்ணில் படாமல் போனது என்று மருமகள் திகைத்தாள். பிளவின் ஓரங்கள் உளியால் செதுக்கிய மாதிரி வழவழவென்று இருந்தன.

உள்ளே ஒரு மண்டபம். கூரையில் பனிக்கட்டி மூடிய துளைகள் வழியாக நீல வெளிச்சம் இறங்கியது. கல் இருக்கைகள் வரிசை வரிசையாக, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை போயின. எல்லா இருக்கைகளிலும் ஆட்கள் இருந்தார்கள்.

யாரும் அசையவில்லை. போர்வீரர்கள் வாள் உறையில் உரசாதபடி இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ஆட்டின் வாயைத் துணியால் கட்டி ஒருவன் அதை மடியில் அணைத்திருந்தான். சமையல்காரி ஒருத்தி கையில் கரண்டியோடு அப்படியே ஓடி வந்திருக்கிறாள். கரண்டியின் நுனியில் பால் துளி ஒன்று விழாமல் நின்றது. கால் கொலுசைக் கழற்றிக் கைக்குள் மூடி வைத்திருந்தாள் ஒரு பெண். தூசி இல்லை, நாற்றம் இல்லை, மூச்சு இல்லை. கண்கள் மட்டும் உயிரோடு இருந்தன. அத்தனை கண்களும் ஒன்றாகத் திரும்பி மருமகளைப் பார்த்தன.

சின்ன வயசிலிருந்து அவள் மலையிலிருக்கிற பேய்களை நினைத்துப் பயந்திருக்கிறாள். அந்தக் கண்களில் இருந்ததும் அதே பயம்தான். இவளைப் பார்த்துத்தான் அவர்கள் பயந்தார்கள்.

"நாம யாருன்னு கேக்கிறாங்க" என்று மாமியாரின் உதடு அசைந்தது. "கீழேருந்து வந்தோம்னு தெரிஞ்சுபோச்சு."

புருஷன் ஒரு கிழட்டு வீரனுக்கும் ஒரு தச்சனுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தான். போன அன்றைக்குப் போட்டிருந்த அதே சட்டை. மார்பில் இடது பக்கம் குழிந்திருந்தது. அங்கே துணி நனைந்து, சிவப்பு இன்னும் காயாமல் பளபளத்தது. அவள் ஓடிப்போய் அவன் முன்னால் மண்டியிட்டாள். கத்தி அழ வேண்டும் போலிருந்தது. முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். அவன் உதடு அசையவில்லை. கண்கள் சிரித்தன.

மாமியார் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் தலையைத் தடவினாள். பிறகு அவன் சொல்வதை மருமகளுக்கு உதட்டில் எடுத்துச் சொல்லத் தொடங்கினாள்.

"பாறை மேல விழுந்தப்ப இவங்கதான் உள்ள இழுத்துக்கிட்டாங்களாம். எதிரி அடிக்கிறான், பாவம் ஒருத்தன் மாட்டிக்கிட்டான்னு நெனச்சு இழுத்தாங்களாம். இவனே எதிரிப் பய ஊர்க்காரன்னு அப்புறம்தான் தெரிஞ்சுதாம். ஆனாலும் வெளிய தள்ளல."

"வலிக்குதா?" என்று அவள் அவனைப் பார்த்து உதட்டை அசைத்தாள்.

மாமியார் ஒரு கணம் கேட்டுக்கொண்டிருந்தாள். "வலி இல்லையாம். தும்மல் வர்ற மாதிரி வந்து நிக்குதாம். வரவும் மாட்டேங்குது, போகவும் மாட்டேங்குதாம். அன்னிலேருந்து அப்படியே நிக்குதாம்." சற்றுப் பொறுத்து, "இன்னும் என்னமோ சொல்றான். அதை நான் சொல்ல மாட்டேன். மாமியார் வாயால சொல்ற பேச்சா அது" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருமகளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. அவன் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ஆற்றுக்கல் மாதிரி குளிர்ந்திருந்தது.

பிறகு மாமியார் விஷயத்தைச் சொன்னாள். எதிரி போகும்வரை யாரும் மூச்சு விடக் கூடாது என்று அரசன் ஆணையிட்டானாம். போய்விட்டான் என்று யாராவது வந்து சொன்னால் எழுந்துகொள்ளலாமாம். யாரும் வந்து சொல்லவில்லை. அதனால் சாவும் உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுவிட்டது. இப்போது கேட்கத் தெரிந்த காது ஒன்று கிடைத்திருக்கிறது. எதிரி போய்விட்டானா என்று மண்டபமே அவளைக் கேட்கிறது.

"நான் சொன்னா எழுந்துக்குவாங்க. எழுந்தா, அத்தனை பேருக்கும் நின்னது எல்லாம் நடக்கும். இவனுக்கும்தான்." மாமியாரின் உதடு கோணியது. "பேசாம நான் இவன் பக்கத்துலயே உக்காந்துக்கிறேன்டி. நீ கீழ போ. எதையும் யாருக்கும் சொல்ல வேணாம். இப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

மருமகள் புருஷனின் முகத்தைப் பார்த்தாள். கண்களின் சிரிப்புக்குப் பின்னால், முகம் முழுவதும் ஏதோ ஒன்றை அடக்கிக்கொண்டிருக்கிற இறுக்கம். அந்த இறுக்கம் சமையல்காரியின் முகத்திலும் இருந்தது, கிழட்டு வீரனின் முகத்திலும் இருந்தது. அவளால் அதைப் பார்த்த பிறகு பார்க்காத மாதிரி இருக்க முடியவில்லை. வீட்டுக்குப் போய் அந்த ஜன்னலுக்குக் கீழே படுத்துக்கொண்டு, இவர் இங்கே இப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தே எப்படித் தூங்குவது?

"அவர் தும்மிக்கட்டும் அத்தை" என்று உதட்டை அசைத்தாள்.

மாமியார் மகனைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். நடு மண்டபத்தில் போய் நின்று, வாயைத் திறந்து, தெருமுனை வரை கேட்கிற அந்தக் குரலில் பேசினாள். எத்தனை காலமாகவோ ஒரு சத்தமும் கேட்காத கூரையிலிருந்து பனித்துகள் உதிர்ந்தது.

"எல்லாரும் கேளுங்க! எதிரி போயிட்டானான்னு கேக்கிறீங்க. பொய் சொன்னா உங்களுக்குத் தெரிஞ்சுடும். எதிரி போகல. கீழேயேதான் இருக்கான். நானே அவன் பேத்திதான். கூடாரம் போட்ட எடத்துல சைக்கிள் கடை வெச்சிருக்கோம். புள்ளைங்க பள்ளிக்கூடம் போகுது. எதுக்கு வந்தோம்னு எங்கள்ல ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல. வாள் எங்க வெச்சோம்னுகூடத் தெரியாது. வெடி வைக்கிறது உங்களப் பிடிக்க இல்ல, கல்லுக்காக. நீங்க இருக்கீங்கன்னே எங்களுக்குத் தெரியாது. அவ்வளவுதான். எந்திரிங்க."

ஒன்றும் நடக்கவில்லை. அப்போது கரண்டியின் நுனியிலிருந்த பால் துளி சொட்டென்று கல்லில் விழுந்தது. சமையல்காரி அதைக் குனிந்து பார்த்தாள். பெருமூச்சு விட்டாள்.

அந்த மூச்சு வரிசை வரிசையாகப் பரவியது. வாள்கள் கலகலத்தன. ஆட்டின் வாய்க்கட்டு அவிழ்ந்தது, அது கத்தியது. அவர்கள் எழுந்தார்கள், கால் மரத்தவர்கள் மாதிரி தள்ளாடினார்கள், ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். மண்டபத்தின் மறுகோடியில் மலையின் அந்தப் பக்கத்துக்குத் திறக்கிற வாசல் ஒன்று இருந்தது. அங்கே வெயில் அடித்தது. ஒரு பேரரசே இவர்கள் இருவரையும் கடந்து அந்த வெயிலுக்கு நடந்தது. கிழட்டு வீரன் மாமியாருக்கு முன்னால் ஒரு கணம் நின்று, வாளை அவள் காலடியில் வைத்துவிட்டுப் போனான். வாசலைத் தாண்டியவர்கள் ஒவ்வொருவரும் வெயில் பட்டதும் குளிரில் வாயிலிருந்து வரும் ஆவி மாதிரி கரைந்தார்கள்.

புருஷன் கடைசியில் எழுந்தான். ஒரு கை அம்மாவிடம், ஒரு கை மனைவியிடம். மூன்று பேரும் மெதுவாகத்தான் நடந்தார்கள். வாசற்படியில் நின்று அவன் மனைவியைப் பார்த்து உதட்டை அசைத்தான். மாமியார் சொல்ல மறுத்ததைத்தான் சொன்னான். பிறகு தலையைப் பின்னுக்குச் சாய்த்து, சின்னதாக ஒரு தும்மல் தும்மினான். அவர்கள் கைகளுக்குள் பாரம் கூடியது. அவன் மட்டும் கரையவில்லை. மருமகள் அவன் சட்டையைச் சரி செய்து, அவன் கண்களை மூடினாள்.

அவனைத் தொட்டியில் வைத்துத்தான் கீழே கொண்டுவந்தார்கள். மூட்டத்திலிருந்து வெளிப்பட்ட தொட்டியைப் பார்த்து மேஸ்திரி அதைத் தரையில் இறக்கிவிட்டு விழுந்து புரண்டு அழுதான். காணாமல் போய் ஒரு வருஷத்துக்கு மேலானவனின் உடம்பு நேற்றுதான் இறந்தது மாதிரி இருப்பதைப் பார்க்க ஊரே திரண்டது. பனிக்குள் கிடந்ததால் கெடாமல் இருந்தது என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்கள், முதல் தடவையாக, மழையைப் பற்றிப் பேசாமல் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். அந்தப் பக்கத்துப் பாறை தரமில்லை என்று மேஸ்திரி மேலிடத்தில் எதையோ சொல்லி, குவாரியை மறுசரிவுக்கு மாற்ற வைத்தான்.

மாமியாரின் காது அன்றோடு அடைத்துவிட்டது. "நிம்மதியா இருக்கு" என்பாள். கொஞ்ச நாள் கழித்து ஒரு தடவை, "ஒரே ஒருத்தி மட்டும் எந்திரிக்கலடி. கடைசி வரிசையில. நீ கவனிச்சியா?" என்று கேட்டாள்.

மருமகள் கவனித்திருந்தாள். கைக்குழந்தையை மார்போடு அழுத்திக்கொண்டு, அதன் வாயை உள்ளங்கையால் பொத்திய ஓர் இளம்பெண். எல்லோரும் கடந்து போனபோதும் அவள் அசையவில்லை. மாமியார் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவள் நம்பவில்லை.

அதனால் விடுமுறை வந்தால் மருமகள் மலையேறுகிறாள். மேஸ்திரி கேள்வி கேட்காமல் பழைய வின்ச்சின் விசையைப் பிடிக்கிறான். வெறிச்சோடிக் கிடக்கிற அந்தப் பெரிய மண்டபத்தில், அந்தப் பெண்ணுக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, ஊர்க்கதை சொல்வாள். யாருக்குக் கல்யாணம், எந்த வீட்டில் பல் முளைத்தது, பக்கத்து வீட்டுக்காரி யாரோடு முறைத்துக்கொண்டாள், எல்லாவற்றையும் உதட்டளவில் சொல்வாள். அந்தப் பெண்ணின் கண்கள் அவள் உதட்டையும் கைகளையும் மாறி மாறிப் பார்க்கும். கையில் ஆயுதம் இருக்கிறதா என்று தேடும். அவளுக்கு எதுவும் புரிகிறதா என்று சொல்ல மாமியாரின் காதும் இப்போது இல்லை.

போன தடவை போயிருந்தபோது குழந்தை கண்ணைத் திறந்தது. அசைவு தெரிந்த பக்கம் திரும்புகிற எந்தக் குழந்தையையும் போல மருமகளைத் திரும்பிப் பார்த்தது. அவள் தன்னை மறந்து விரலை நீட்டி ஆட்டினாள். குழந்தையின் கண் அந்த விரலோடு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனது. உடனே தாய் தன் இன்னொரு கையைக் கொண்டுவந்து அதன் கண்களையும் பொத்திக்கொண்டாள்.

மருமகள் விரலை மடக்கிக்கொண்டு, கொஞ்சம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.